கசிவு நடுவிலா, ஓரத்திலா? மாதவிடாய் உள்ளாடை வடிவமைப்பு குறித்து ஒரு விவாதம்

கத்தரிமேசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பதினான்கு ஆண்டுகளாகப் பெண்களுக்கான உள்ளாடைகளுக்கு பேட்டர்ன் வெட்டிக் கொடுத்து வருகிறேன். கடந்த ஆறு மாதங்களாக, நாப்கின் எதுவும் வைக்காமல் தனித்தே அணியக்கூடிய மாதவிடாய் உள்ளாடை ஒன்றை, வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று சாம்பிள்கள் தைத்துவிட்டேன். மூன்றும் ஒரே இடத்தில்தான் தோற்றன.

வெளித்துணி 95 விழுக்காடு பருத்தியும் 5 விழுக்காடு ஸ்பாண்டெக்ஸும் கலந்த 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி. அதற்கு உட்புறம், பாலியூரிதேன் படலம் ஒட்டிய பாலியெஸ்டர் துணி, கடையில் பி.யூ.எல். என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் மேல், திரவத்தை உறிஞ்ச, துண்டுபோல் சுருள்நூல் கொண்ட பருத்தி டெர்ரி இரண்டு மடிப்பு. உடலைத் தொடும் மேல்துணியாக, விளையாட்டு உடைகளுக்குப் பயன்படும் நுண்துளை பாலியெஸ்டரை வைத்தேன். நான்கையும் அடுக்கிச் சுற்றிலும் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் சுற்றித் தைப்பது) அடித்து, கால் வளையத்தில் எலாஸ்டிக் வைத்து ஃப்ளாட்லாக் (தட்டையான தையல்) போட்டு முடித்தேன்.

சோதனைக்கு, உப்பு நீரில் சிவப்புச் சாயம் கரைத்து, ஊசிக்குழலால் நடுவில் மெல்ல விட்டு, மேலே ஒரு கிலோ எடைக்கல்லை வைக்கிறேன். 8 மி.லி. தாண்டும்போதே கால் வளையத்து ஓரத்தையல் சிவந்துவிடுகிறது. பிரித்துப் பார்த்தால் டெர்ரியின் முன்பகுதி காய்ந்தே கிடக்கிறது. உறிஞ்சும் துணிக்கு இன்னும் இடமிருக்கும்போது ஓரம் ஏன் கசிகிறது? டெர்ரியை மூன்று மடிப்பாக்கினால் சரியாகுமா, அல்லது நான் பிழையை வேறெங்கோ செய்திருக்கிறேனா?

இழைநெறி எழுதியது:

மூன்றாவது மடிப்பைச் சேர்க்காதீர்கள். உங்கள் உள்ளாடை கசிவதற்குக் காரணம் உறிஞ்சும் திறன் குறைவாக இருப்பது அன்று. நீங்களே ஓரம் முழுக்க ஒரு விளக்குத்திரியைத் தைத்து வைத்திருப்பதுதான். அகலில் எண்ணெய் பாதியளவு இருந்தாலும் திரியின் நுனிவரை எண்ணெய் ஏறுகிறதல்லவா, அதே செயல்தான் இங்கும் நடக்கிறது.

பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்து வைத்திருக்கும், பாலியெஸ்டரோ 0.4 விழுக்காடுதான் பிடிக்கும். பாலியெஸ்டர் இழை திரவத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகள் வழியாக அதை நகர்த்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் அது உடலுக்கு உலர்வான உணர்வைத் தருகிறது. ஆனால் கீழ்நோக்கி மட்டுமே நகர வேண்டும் என்று அந்தத் துணிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது பக்கவாட்டிலும் நகர்த்தும். உங்கள் மேல்துணியின் விளிம்பும் வெளித்துணியின் விளிம்பும் ஒரே ஓவர்லாக் தையலுக்குள் சந்திக்கின்றன. நடுவிலிருக்கும் படலம் எத்தனை தரமானதாக இருந்தாலும், திரவம் படலத்தைத் துளைக்க வேண்டிய தேவையே இல்லாமல் தையலின் மேலேறி வெளித்துணிக்குப் போய்விடுகிறது. ஓவர்லாக் லூப்பருக்கு (ஓரத்தைச் சுற்றி நூலைப் பின்னும் கொக்கிக்கு) நீங்கள் போட்டது, மென்மைக்காகப் பலரும் போடும் உப்பலான டெக்ஸ்சர்டு பாலியெஸ்டர் நூலாக இருந்தால், அந்த நூலே முதல்தரமான திரி.

செய்ய வேண்டியவை இரண்டு. மேல்துணியையும் டெர்ரியையும் படலத்தைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் சிறிதாக வெட்டுங்கள். அப்போது ஈரமாகும் துணி எதுவும் கால் வளையத் தையலைத் தொடாது. படலத்தின் விளிம்பை உட்பக்கமாக மடித்துத் தாம்பாளத்தின் விளிம்புபோல எழுப்பி, மேல்துணியின் ஓரத்தை அந்த மடிப்புக்குள் செருகுங்கள். மடிப்பைத் தையலால் அன்றி, வெப்பத்தில் ஒட்டும் பாலியூரிதேன் நாடாவால் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஏனெனில் ஒவ்வோர் ஊசித்துளையும் படலத்தில் ஒரு சாளரம்.

டயப்பர்ப்பட்டறை எழுதியது:

குழந்தைகளுக்கான துணி டயப்பர் தைக்கிறவன் என்ற முறையில் இழைநெறி ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். எங்களுக்கும் தொடக்கத்தில் வந்த குறைகளில் பெரும்பாலானவை ஓரம் நனைவது பற்றியவைதான். தாய்மார்கள் "போதவில்லை" என்பார்கள், நாங்களும் உறிஞ்சும் பட்டையைத் தடிமனாக்குவோம், அது இன்னும் மோசமாகும். பட்டை தடித்தால் தொடைக்கும் எலாஸ்டிக்குக்கும் இடையே சந்து விழும் என்பது பிறகுதான் புரிந்தது.

அக்கா, நீங்கள் கால் வளையத்துக்கு எலாஸ்டிக்கை எந்த விகிதத்தில் வெட்டுகிறீர்கள்? சாதாரண ஜட்டிக்கு வளையம் முழுவதும் ஒரே இழுப்பில் வைப்பது வழக்கம். இங்கே கால்களுக்கு இடையிலுள்ள அடித்துண்டுப் பகுதியில் படலம் நீளாது. முன்னும் பின்னும் ஜெர்சி நன்றாக நீளும். ஒரே இழுப்பு வைத்தால் நீளாத பகுதி அலையலையாகச் சுருங்கி, அந்தச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்காலாகும். நாங்கள் அடிப்பகுதியில் எலாஸ்டிக்கை ஏறத்தாழ இழுக்காமலேயே வைத்துவிட்டு, தொடையின் பின்பக்கம் திரும்பும் இடத்தில் மட்டும் இழுப்பைக் கூட்டுகிறோம். தொடைமடிப்பில் சிவப்புத் தடம் விழாமலும் சந்து விழாமலும் இருப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று: டெர்ரியைப் படலத்தோடு சேர்த்து வைத்துத் தைக்காதீர்கள். டெர்ரியை மேல்துணியோடு மட்டும் முதலில் தைத்துக்கொண்டு, பிறகு அந்த இரட்டைத்துணியைப் படலத்தின் மேல் வையுங்கள். நடுவில் குறுக்குத்தையல் போட்டு அழகுபடுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். துளையிட்ட குடையை விற்பதற்கு ஒப்பானது அது.

கத்தரிமேசை எழுதியது:

இருவருக்கும் நன்றி. லூப்பரில் டெக்ஸ்சர்டு நூல்தான் போட்டிருந்தேன். உள்ளாடைக்கு அதுதான் உறுத்தாது என்று இத்தனை ஆண்டுகளாகப் பழகிவிட்ட கை. எலாஸ்டிக்கையும் வளையம் முழுக்க ஒரே இழுப்பில்தான் வைத்தேன். நான்காவது சாம்பிளுக்கு பேட்டர்னைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஒரு கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மி.லி. என்று கணக்கு வைத்து வடிவமைப்பது சரியாக இருக்கும்? விளம்பரங்களில் ஆளுக்கொரு அளவு போடுகிறார்கள்.

வெண்பஞ்சு எழுதியது:

மகப்பேறு மருத்துவராக இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் இழக்கப்படும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மி.லி. வரைதான். 80 மி.லி.க்கு மேல் போனால் அதை மிகையான போக்கு என்று மருத்துவ நூல்கள் வகுக்கின்றன. முதல் இரண்டு மூன்று நாள்களில்தான் பெரும்பகுதி வெளியேறும். ஆனால் இந்த எண்களை அப்படியே துணியின் கொள்ளளவாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். வெளியேறும் திரவத்தில் ஒரு பகுதிதான் இரத்தம். கருப்பையின் உட்சவ்வுத் துணுக்குகளும் சளித்தன்மையுள்ள சுரப்புகளும் அதோடு கலந்திருக்கும். ஆகவே மொத்தக் கனஅளவு இரத்தக் கணக்கைவிடக் கூடுதல். அது நீரைவிடக் கெட்டியானதும்கூட.

நீங்கள் வடிவமைக்க வேண்டியது ஒரு நாளில் வரும் அளவுக்கு அன்று, ஒரு கணத்தில் வரும் அளவுக்கு. ஒரு பெண் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்போதோ, காலையில் படுக்கையிலிருந்து எழும்போதோ, தேங்கியிருந்தது ஒரே வீச்சில் சில மி.லி. வெளியேறும், தும்மினாலும் இருமினாலும் அப்படித்தான். நாள் முழுவதும் 15 மி.லி. உறிஞ்சக்கூடிய துணி, சில நொடிகளில் வரும் 4 மி.லி.யை வாங்கிக்கொள்ளத் திணறினால் அது ஓரத்துக்குத்தான் ஓடும். இரத்தக் கட்டிகள் வெளியேறுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: கட்டி எந்த நுண்துளையிலும் இறங்காது, மேல்துணியில் அப்படியே உட்கார்ந்து, பின்னால் வருகிற திரவத்துக்கு அணைகட்டிவிடும்.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே உள்ளாடையில் இருக்க வேண்டாம் என்பதுதான். ஈரம், வெப்பம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் தொடைமடிப்பில் தோல் அழற்சியும் பூஞ்சைத் தொற்றும் வரலாம். துணி எவ்வளவு உறிஞ்சினாலும் இது மாறாது.

ஐயவாதி எழுதியது:

மருத்துவர் சொன்னதையொட்டி ஒரு கசப்பான செய்தியையும் இங்கே வைக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உப்பு நீருக்குப் பதிலாக, இரத்த வங்கியில் காலாவதியான சிவப்பணுக்களைக் கொண்டு 21 மாதவிடாய்ப் பொருள்களைச் சோதித்தார்கள். உடலுக்குள் செருகும் மாதவிடாய்த் தட்டு ஒன்று 80 மி.லி. வரை தாங்கியது, கோப்பைகளும் டாம்பன்களும் கனமான நாப்கின்களும் 20 முதல் 50 மி.லி. வரை தாங்கின. உள்ளாடை தாங்கியதோ ஏறத்தாழ 2 மி.லி.தான். உப்பு நீரில் அளந்த எண்ணை அட்டைப்பெட்டியில் அச்சிடுவது வாங்குகிறவரை ஏமாற்றும் வேலையில்லையா? நம் கத்தரிமேசை அம்மாவும் உப்பு நீரில்தானே சோதிக்கிறார்?

இழைநெறி எழுதியது:

ஐயவாதி எடுத்துக்காட்டிய ஆய்வு முக்கியமானதுதான். ஆனால் அந்த 2 மி.லி. என்பதிலிருந்து உள்ளாடையே வீண் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. மேலிருந்து ஊற்றியது உடனே இறங்காமல் நின்றால், அது மேல்துணியின் குறையா, உறிஞ்சும் அடுக்கின் குறையா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கெட்டியான திரவம் மிக நுண்ணிய துளைகளில் தயங்கும். சற்றே பெரிய துளையுள்ள மெஷ் துணியில் எளிதாக இறங்கும். நீரை வைத்துத் துணியைத் தேர்ந்தெடுத்தவர்கள் நுண்துளையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்பதே எனக்குத் தோன்றும் விளக்கம்.

சோதனைத் திரவம் பற்றி நம் நாட்டிலேயே பழைய பட்டறிவு உண்டு. கோவையின் அருணாசலம் முருகானந்தம் நாப்கின் செய்ய முனைந்தபோது, கால்பந்துப் பிளாடரில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தன் உடலில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். பருத்திப் பஞ்சு நன்றாக உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் திருப்பிக் கக்கிவிடும். வணிக நாப்கின்களில் இருப்பது மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு நெடுங்காலம் ஆயிற்று. நகரப் பேருந்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செல்லும் பெண்ணின் உடல் எடை, கத்தரிமேசையின் ஒரு கிலோ கல்லைவிடப் பன்மடங்கு. இன்றைய நாப்கின்களில் திரவத்தைக் கூழாக்கிப் பிடிக்கும் தூள் இருக்கிறது. துவைத்துப் பயன்படுத்தும் துணியில் அந்தத் தூளை வைக்க முடியாது. ஆகவே துவைக்கும் உள்ளாடை நாப்கினுக்குச் சமமாகத் தாங்கும் என்று யாராவது சொன்னால், நான் நம்ப மாட்டேன்.

நாப்கின்களுக்கு 1980-இல் வெளியான 5405 எண் இந்தியத் தர நிர்ணயம்கூட, 30 மி.லி. திரவத்தை நிமிடத்துக்கு 15 மி.லி. வீதம் விட்டுச் சோதிக்கச் சொன்னது. திரவமாகச் சாயநீரையோ ஆட்டு இரத்தத்தையோ பயன்படுத்த இடம் தந்திருந்தது. வீட்டில் ஆட்டு இரத்தம் சிரமம் என்றால், உப்பு நீரில் கிளிசரினும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸும் கலந்து கெட்டியாக்கலாம். நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறவர்களிடம் சி.எம்.சி. என்று கேட்டால் கிடைக்கும்; திருப்பூரிலிருந்து ஈரோடோ சோமனூரோ போனால் போதும். மெல்ல விடாமல், 5 மி.லி.யை ஐந்து நொடிக்குள் செலுத்திப் பாருங்கள். நீங்கள் அஞ்ச வேண்டிய சோதனை அதுதான்.

துவைகல் எழுதியது:

நான் நெசவும் அறியேன், மருத்துவமும் அறியேன். மயிலாடுதுறைப் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக இத்தகைய உள்ளாடைகளைப் பயன்படுத்துகிறேன். நீங்கள் அனைவரும் அணிந்திருக்கும் எட்டு மணி நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அதன் பிறகு வரும் முப்பது மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வீட்டில் பருத்திச் சேலையே மறுநாள்தான் காயும். நான்கு அடுக்கை ஒன்றாகத் தைத்த இந்த உள்ளாடையின் அடித்துண்டு இரண்டாம் நாளும் கையில் ஈரமாகத்தான் தட்டுப்படும். மூக்கருகே கொண்டுபோனால் முடைநாற்றம் தெரியும். இதில் இன்னொரு கூடுதல் சங்கடம், நம் வீடுகளில் உள்ளாடையை வெளிப்படையாகக் காய வைப்பதில்லை என்பது. துண்டுக்கு அடியிலோ பாவாடைக்கு உட்புறமோ கொடியில் போடுவோம். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் மருமகளுக்கும் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்கும் வெயில் படும் இடம் கிடைப்பதே அரிது. சரியாகக் காயாததை மறுபடி அணிவதைவிடப் பழைய துணியே மேல் என்று என் தங்கை மூன்றே மாதத்தில் விட்டுவிட்டாள். அவளுக்குக் கசிவு ஒரு முறைகூட நேரவில்லை.

ஆகவே வடிவமைக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். உறிஞ்சும் துணியை நான்கு பக்கமும் அடைத்துத் தைக்காதீர்கள். முன்பக்கம் மட்டும் பிடித்து, நாக்குபோல வெளியே எடுத்துவிடக்கூடியதாக வைத்தால், பிழியும்போதும் காயும்போதும் இரு பக்கமும் காற்றுப் படும். வாங்கிய ஒன்றை நானே பிளேடால் தையல் பிரித்து அப்படி மாற்றிப் பார்த்தேன். அரை நாளில் காய்ந்தது. ஆனால் ஓரம் கசிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

டயப்பர்ப்பட்டறை எழுதியது:

டீச்சர் சொன்ன நாக்கு முறை டயப்பரில் பழையது, நன்கு வேலை செய்வது. ஓரம் கசிந்ததற்குக் காரணம், அடைத்துத் தைக்கக் கணக்கிட்ட அகலத்திலேயே நாக்கும் இருந்ததுதான். நாக்கைப் படலத்தைவிடக் குறுகலாக வெட்டி, இழைநெறி ஐயா சொன்ன மடித்த விளிம்புக்குள் அடங்கும்படி செய்தால், அது புரண்டாலும் வெளியே வராது.

துவைப்பது பற்றியும் ஒரு சொல். துணிக்கு மென்மையூட்டும் கண்டிஷனரை இதற்குப் போடவே கூடாது; இழைமேல் மெழுகுபோலப் படிந்து உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும். வெந்நீரில் ஊற வைத்தால் இரத்தக் கறை துணியோடு இறுகிப்போகும். முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும்.

கத்தரிமேசை எழுதியது:

டீச்சரம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு முழுக்க யோசித்தேன். நான் இதுவரை சோதித்த மூன்று சாம்பிள்களையும் அயர்ன் டேபிளில் வைத்தே காய வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நாக்கு முறைக்கே மாறுகிறேன்.

உட்புற நிறம் பற்றியும் கருத்துக் கேட்கிறேன். சந்தையில் எல்லாமே கறுப்பு. கறை தெரியாது என்பது காரணம். எனக்கு அது பிடிக்கவில்லை. கறை போயிற்றா என்பதும் தெரியாதல்லவா?

வெண்பஞ்சு எழுதியது:

உங்கள் பக்கம்தான் நான். போக்கின் நிறமும் அளவும் மாறுவதைப் பெண்களே முதலில் கவனிக்க வேண்டும். கறுப்புத் துணி அதை மறைத்துவிடுகிறது. வெளிர் சாம்பல் நிறம் வைத்துப் பாருங்கள்.

துவைகல் எழுதியது:

மன்னிக்கவும் டாக்டரம்மா, வெளிர் நிறத்தை நான் வாங்க மாட்டேன். இரண்டே மாதத்தில் பழுப்புத் தடம் நிலைத்துவிடும். அதைக் கொடியில் போட எந்தப் பெண்ணுக்கும் கை வராது. மேல்துணி அடர்நிறமாக இருக்கட்டும். நாக்கின் அடிப்பக்கம் மட்டும் வெளிராக இருந்தால், துவைக்கிறவளுக்குத் தெரியும், கொடியைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

ஐயவாதி எழுதியது:

வேதிப்பொருள்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2020-இல் அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழக இயற்பியலாளர் கிரகாம் பீஸ்லி, திங்ஸ் நிறுவனத்தின் மாதவிடாய் உள்ளாடைகளில் ஃபுளோரின் இருப்பதைக் கண்டறிந்தார். பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், நீர் விலக்கும் பூச்சுகளில் சேர்க்கப்படும், எளிதில் சிதையாத வேதிப்பொருள்கள் இருப்பதற்கான அறிகுறி அது. வழக்கு நடந்து, 2023-இல் சமரசத்தில் முடிந்தது. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. நீர் விலக்கும் பூச்சு இல்லாமல் கசிவைத் தடுக்க முடியுமா?

இழைநெறி எழுதியது:

தாராளமாக முடியும். திரவத்தைத் தடுப்பது பாலியூரிதேன் படலம். அதற்கு ஃபுளோரின் பூச்சு தேவையே இல்லை. வெளித்துணியில் கறை ஒட்டாமலிருக்கவோ, ஓரத்தையல் நனையாமலிருக்கவோ அத்தகைய பூச்சை நாடுகிறவர்கள் இருக்கலாம். ஓரத்தைச் சரியாக வெட்டத் தெரிந்தவருக்கு அது வேண்டியதில்லை. சாயப்பட்டறையில் "வாட்டர் ரிப்பெலன்ட் ஃபினிஷ்" எதுவும் போட வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். மொத்த ஃபுளோரின் அளவுக்கு ஆய்வறிக்கையும் கேளுங்கள். "மூங்கில் துணி, இயற்கையாகவே கிருமியைக் கொல்லும்" என்று விற்க வருகிறவரையும் தூரத்தில் நிறுத்துங்கள். சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் மூங்கில் கூழை வேதிமுறையில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ்தான். அதை மூங்கில் என்று பெயரிட்டு விற்ற நிறுவனங்கள்மீது அமெரிக்க வணிக ஆணையம் 2009-இலேயே நடவடிக்கை எடுத்தது.

படலம் வாங்கும்போது பாலியெஸ்டர் வகையா, பாலியீதர் வகையா என்று கேளுங்கள். முதல் வகை ஈரத்திலும் வெப்பத்திலும் நாளடைவில் சிதைந்து உரியும். நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு பாலியீதர் வகைதான் தாங்கும். விலை சற்றுக் கூடும்.

கத்தரிமேசை எழுதியது:

நான்காவது சாம்பிள் முடிந்து மூன்று வாரமாகிறது. மேல்துணியைச் சற்றே பெரிய துளையுள்ள மெஷ்ஷாக மாற்றினேன். நாக்கு, படலத்தைவிட இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் குறுகல். படலத்தின் விளிம்பை மடித்து ஒட்டுநாடாவால் பிடித்தேன். ஈரம் படும் பகுதியில் ஓர் ஊசித்துளைகூட இல்லை. கால் வளையத்தில் சாதாரண பாலியெஸ்டர் தையல்நூல். எலாஸ்டிக் இழுப்பு பின்தொடையில் மட்டும்.

சி.எம்.சி. கரைசலில் 5 மி.லி.யை ஐந்து நொடியில் செலுத்தினேன். ஒரு கணம் மேலே குளம்போல நின்று, பிறகு இறங்கியது, ஓரம் நனையவில்லை. அதன் மேல் என் அண்ணன் மகளை அரை மணி நேரம் உட்கார வைத்தேன், பாவம், அவள் என்னவென்று கேட்கவேயில்லை. 12 மி.லி. வரை கால் வளையம் காய்ந்தே இருந்தது. மேகமூட்டமான ஒரு நாளில், துண்டுக்கு அடியில் போட்டு, பதினோரு மணி நேரத்தில் காய்ந்தது.

தோல்வி இரவில்தான். நானே அணிந்து படுத்தேன். மல்லாந்து படுத்தபோது பின்புறப் பிளவின் வழியாக மேலேறி, நாக்கு முடியும் இடத்தைத் தாண்டி, இடுப்புப் பட்டைக்குச் சற்றுக் கீழே கறை வந்துவிட்டது. பகலுக்கும் இரவுக்கும் ஒரே பேட்டர்ன் வைக்க முடியாது என்று தெரிகிறது. இரவுக்கானதில் படலத்தையும் நாக்கையும் பின்பட்டை வரை நீட்ட வேண்டும். ஆனால் அவ்வளவு நீளம் நீளாத படலத்தை வைத்தால் குனியும்போது பின்னால் இழுக்கும். டயப்பர்ப்பட்டறைத் தம்பி, நீளும் படலம் உங்களுக்குக் கிடைக்கிறதா?

டயப்பர்ப்பட்டறை எழுதியது:

கிடைக்கிறது அக்கா. குறுக்கில் மட்டும் நீளும், நெடுக்கில் நீளாது. துணியைத் திருப்பிப் போட்டு வெட்டினால் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். இரண்டு மீட்டர் கூரியரில் அனுப்புகிறேன். நாக்கைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கம் திறந்தபடி வைத்தும் ஒன்று தைத்துப் பாருங்கள்.

கத்தரிமேசை எழுதியது:

வந்ததும் இரண்டு விதமாகவும் வெட்டுகிறேன். டீச்சரம்மா, உங்கள் இடுப்பளவைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்; ஐந்தாவது சாம்பிள் உங்கள் ஊர் மழையில்தான் காய வேண்டும்.